தபால் ஆபீஸ் ஆட்டக்காரரும், ரியோவில் மாட்டிக்கொண்ட ஆட்டக்காரியும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், கூடவே ஆடிட். அதான் பதிவு எதுவும் போட முடியலை.

டொராண்டோவில் பிப்ரவரி மாசம் எப்படி இருக்கும்னு இங்கே இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில காரைத் தோண்டி எடுக்கணும், சாயங்காலம் வாசலைத் தோண்டணும். இந்தக் கொடுமை தாங்காம இங்கத்திய ஜனங்க ஒரு வாரம் கியூபா, டொமினிக்கன் ரிபப்ளிக்னு கடற்கரைக்குக் கிளம்பிடுவாங்க. எங்க கிளையிலும் கவுன்ட்டர்ல உட்கார்ற ஒரு பொண்ணு போன பிப்ரவரியில கியூபா போயிட்டு, தோல் கருத்து, சிரிச்ச முகமா வந்து நின்னுச்சு. "கடல்ல நல்லா குளிச்சியாம்மா?"ன்னு கேட்டேன். "குளிச்சது கம்மி, ஆடினதுதான் அதிகம்"னு சொல்லுச்சு.

விஷயம் என்னன்னா, அந்தப் பொண்ணு ஸ்விங் டான்ஸ் ஆடுற ஆளு. 1930கள்ல அமெரிக்காவுல ஜாஸ் இசைக்கு ஆடின ஜோடி ஆட்டம் அது. அதுல முக்கியமான வகைக்கு 'லிண்டி ஹாப்'னு பேரு. பகல்ல மணல்ல கிடந்து, ராத்திரி பூரா ஆடற ஒரு கூட்டத்தோட சேர்ந்து போயிருக்கு. ஒரு வாரம் முடிஞ்சதும் திரும்ப வந்து எங்ககூட டெபாசிட் ஸ்லிப் பார்த்துக்கிட்டு இருக்கு.

நான் பாட்டுக்கு, "ஆட்டத்தையும் வச்சுக்கிட்டு ஏம்மா இந்த வேலையும் பார்க்கிறே?"ன்னு விளையாட்டாக் கேட்டேன். "ஃப்ராங்கி மேனிங்கே முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்லதான் வேலை பார்த்தார், தெரியுமா?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. தெரியாது. பி.காம்ல இதெல்லாம் சொல்லித் தரலையே. அப்புறம் தேட ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரம் இதே வேலையாப் போச்சு. அதைத்தான் இங்கே எழுதறேன். கடைசியில சாந்தன்பாறைக்கும் வருவேன், பயப்படாதீங்க. :-)

வியாழக்கிழமை ராத்திரி

ஃப்ராங்கி மேனிங் பிறந்தது 1914 மே 26, ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் ஊர்ல. மூணு வயசுல அம்மாவோட நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்துட்டார். அந்தக் காலத்துல தெற்கு மாநிலங்கள்ல இருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிழைப்பைத் தேடியும் கொடுமைக்குத் தப்பியும் வடக்கே போனாங்க. அதுல இவங்களும் ஒரு குடும்பம்.

ஹார்லெம்ல லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவுல, 1926 மார்ச் 12ஆம் தேதி 'சவாய் பால்ரூம்'னு ஒரு நடனக் கூடம் திறந்தாங்க. ஒரு தெரு நீளத்துக்குப் பெருசு. ஒரே கூடத்துல ரெண்டு மேடை. ஒரு குழு நிறுத்தினா அடுத்த குழு ஆரம்பிச்சுடும், இசை நிற்கவே நிற்காது. இதைவிடப் பெரிய விஷயம், கறுப்பர் வெள்ளையர்னு பார்க்காம காசு குடுத்த யாரும் உள்ளே போய் ஆடலாம். பக்கத்துலயே இருந்த காட்டன் கிளப்ல கறுப்பர் மேடையில ஆடலாம், ஆனா வந்து உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் வெள்ளைக்காரங்கதான். சவாயில அந்தக் கணக்கு கிடையாது.

வியாழக்கிழமை ராத்திரிக்கு அங்கே ஒரு செல்லப் பேரு இருந்துச்சு: 'சமையலறை மெக்கானிக் ராத்திரி'. வீட்டு வேலை செய்யற பெண்களுக்கும் சமையல்காரங்களுக்கும் வாரத்துல லீவு கிடைக்கிறது வியாழக்கிழமைதான். ஆறு நாள் ஊரான் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிட்டு, ஏழாம் நாள் நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு சவாய்க்கு வருவாங்க. இந்த ஆட்டத்தை வளர்த்தது அந்த ஜனங்கதான், மறந்துடக் கூடாது.

1927ல சார்லஸ் லிண்ட்பெர்க் தனியா விமானத்துல அட்லாண்டிக்கைத் தாண்டினாரில்லையா, அவர் பேரை வச்சுத்தான் 'லிண்டி'ன்னு ஆட்டத்துக்குப் பேர் வந்ததுன்னு சொல்வாங்க. ஃப்ராங்கி 1935ல ஒரு போட்டியில தன் ஜோடியை முதுகு மேல புரட்டித் தூக்கிப் போட்டு இறக்கினார். அதுவரைக்கும் தரையிலேயே இருந்த ஆட்டம் அன்னைக்குத்தான் ஆகாயத்துக்குப் போச்சு.

நல்லா ஆடறவங்களைச் சேர்த்து ஒரு குழு கட்டினவர் ஹெர்பர்ட் ஒயிட். சவாயில வாசல் காவல் பார்த்தவர், முன்னாடி குத்துச்சண்டைக்காரர். தலையில ஒரு கொத்து நரைமுடி இருந்ததால 'ஒயிட்டி'. பசங்களைப் பழக்குறது, சினிமாவுக்கும் வெளியூருக்கும் அனுப்பறது எல்லாம் அவர்தான். காசு கணக்கும் அவர் கையிலதான். இதைப் படிக்கும்போது எனக்கு எங்க ஊர்க் கங்காணி ஞாபகம் வந்துட்டார். ஆளைக் கூட்டிவந்து வேலை வாங்கிக் கொடுக்கிறதும் அவரே, கூலியில பங்கு எடுக்கிறதும் அவரே. அவர் இல்லாட்டி வேலை இல்லை, அவர் இருந்தா கூலி முழுசா இல்லை.

ஆறு வாரம், பத்து மாசம்

இப்ப நார்மா மில்லர் கதைக்கு வருவோம். 1919 டிசம்பர் 2 அன்னைக்கு ஹார்லெம்ல பிறந்தவர். அப்பா அம்மா பார்படோஸ் தீவுல இருந்து வந்தவங்க. அப்பா இவர் பிறக்கும் முன்னாடியே போயிட்டார். வீடு சவாய்க்குப் பின்பக்கம். உள்ளே போகக் காசு இல்லாத சின்னப் பொண்ணு, வீட்டு இரும்புப் படியில உட்கார்ந்து ஜன்னல் வழியாத் தெரிஞ்ச நிழலைப் பார்த்தே ஆட்டத்தைப் பழகியிருக்கு. 1932 ஈஸ்டர் ஞாயிறு, பன்னிரண்டு வயசு. சவாய் வாசல்ல நடைபாதையில ஆடிக்கிட்டிருந்ததைப் பார்த்து, உள்ளே ஆடற ஒரு பெரிய ஆட்டக்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டார். அதோட வாழ்க்கை மாறிப்போச்சு.

1941ல 'ஹெல்ஸாபாப்பின்'னு ஒரு ஹாலிவுட் படம். அதுல ஒயிட்டி குழு ஆடற ரெண்டு மூணு நிமிஷக் காட்சியை இன்னைக்கு வரைக்கும் உலகத்துல ஸ்விங் ஆடறவங்க எல்லாரும் பார்க்கிறாங்க. கணினியில கிடைக்கும், அவசியம் பாருங்க. ஃப்ராங்கியும் இருக்கார், நார்மாவும் இருக்கார். உடுப்பைக் கவனிங்க: சமையல்காரர், வேலைக்காரி, மெக்கானிக் உடுப்பு! உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரங்களுக்கு ஹாலிவுட் குடுத்த வேஷம் அது. அந்தக் காலத்துல கறுப்பினக் கலைஞர்களோட காட்சிகளை மத்த கதையோட ஒட்டாமத்தான் எடுப்பாங்க. தெற்கு மாநிலத் தியேட்டர்காரன் வேண்டாம்னா கத்தரிச்சு எறிஞ்சுடலாம், கதைக்கு ஒண்ணும் ஆகாது.

அந்தப் படம் முடிஞ்ச கையோட, 1941 கடைசியில நார்மாவும் இன்னும் சில பேரும் பிரேசிலுக்குப் போனாங்க. ரியோ டி ஜெனீரோவில ஆறு வார ஒப்பந்தம். நியூயார்க்ல குளிர் ஆரம்பிக்கும் நேரம் ரியோவில கோடை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கோப்பகபானா கடற்கரை. ராத்திரி ஆட்டம், பகல்ல கடல். ஹார்லெம் வாடகை வீட்டுல வளர்ந்த, இருபத்திரண்டு வயசு ஆகப்போற பொண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

ஆனா டிசம்பர் 7ஆம் தேதி ஜப்பான்காரன் பேர்ல் ஹார்பர் மேல குண்டு போட்டான். அமெரிக்கா போர்ல இறங்கிடுச்சு. அட்லாண்டிக் கடல்ல ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் சுத்த ஆரம்பிச்சுது. ஊருக்குத் திரும்ப வழி இல்லை. ஆறு வாரத்துக்குப் போனவங்க ஏறக்குறைய பத்து மாசம் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. 1942 ஆகஸ்ட்ல பிரேசிலும் போர்ல இறங்கிடுச்சு.

கடற்கரைச் சுற்றுலா பத்து மாசம் நீண்டா நல்லதுதானேன்னு தோணும். ஊருக்குத் திரும்பிப் போகிற தேதி தெரியாதவனுக்குக் கடற்கரை என்ன, கல்லாங்குழி என்ன? விசா புதுப்பிக்கிற லட்சணத்துல ரெண்டு மூணு வருஷம் ஊருக்குப் போக முடியாமக் கிடந்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறையப் பேர் இருப்பீங்க. உங்களுக்கு இது புரியும்.

சொந்த ஊர்ல கடல் கிடையாது

இன்னொரு விஷயம். ரியோவில மாட்டின இந்தப் பிள்ளைகள் தங்கள் சொந்த நாட்டுல இதே மாதிரி ஒரு கடற்கரையில கால் நனைக்க முடியுமா? ஃப்ளோரிடாவுல மயாமி பீச் இருக்கே, குளிர்காலத்துல அமெரிக்கப் பணக்காரங்க எல்லாம் போய் இறங்கற ஊரு. அங்கே கறுப்பர் ஓட்டல்ல வேலை செய்யலாம், மேடையில பாடலாம், ஆடலாம். ராத்திரி தங்க முடியாது. ஆட்டம் முடிஞ்சதும் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஓவர்டவுன் பகுதிக்குப் போயிடணும். 1936ல வந்த ஒரு உள்ளூர்ச் சட்டப்படி, அங்கே ஓட்டல், வீட்டு வேலை செய்யறவங்க போலீஸ்ல பதிஞ்சு, போட்டோவும் கைரேகையும் குடுத்து அட்டை வாங்கணும். குளிக்கவா? பேச்சே கிடையாது.

1945 மே மாசம் மயாமிக்குப் பக்கத்துல ஹாலோவர் கடற்கரையில சில கறுப்பின மக்கள் வேணும்னே போய்க் கடல்ல இறங்கி நின்னாங்க. கைது பண்ணட்டும், கோர்ட்ல பார்த்துக்கலாம்னு. அதிகாரிங்க கைது பண்ணலை. பதிலா அந்த ஆகஸ்ட்ல வர்ஜீனியா கீ தீவுல 'கறுப்பருக்கு மட்டும்'னு ஒரு கடற்கரையைத் திறந்தாங்க. ஆரம்பத்துல அங்கே படகுலதான் போக முடியும்.

பேங்க் ஆளான எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை வேற ஒண்ணு. ஃப்ராங்கி பிறந்த ஜாக்சன்வில்ல 1901ல கறுப்பின மக்கள் சேர்ந்து 'ஆஃப்ரோ அமெரிக்கன் லைஃப் இன்ஷூரன்ஸ்'னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. வாராவாரம் சில்லறைக் காசுல பிரீமியம் கட்டற ஏழை ஜனங்களோட கம்பெனி. அதோட தலைவர் ஏபிரகாம் லிங்கன் லூயிஸ் 1935ல, கம்பெனி ஊழியர் பென்ஷன் நிதியை வச்சு அமீலியா தீவுல கடலோர நிலத்தை வாங்கிட்டார்! 'அமெரிக்கன் பீச்'னு பேரு. ஊழியர்களும் மத்த கறுப்பினக் குடும்பங்களும் யாருக்கும் பயப்படாம வந்து குளிக்கலாம், வீடு கட்டலாம். பென்ஷன் நிதியை எதுல முதலீடு பண்ணணும்னு எத்தனையோ பாடம் படிச்சிருக்கேன். ஜனங்க நிம்மதியா கால் நனைக்க ஒரு கடற்கரையை வாங்கின பென்ஷன் நிதியை நான் வேற எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

கணக்குப் புஸ்தகம் மூடின கதை

ரியோவில இருந்து திரும்பினா, விட்டுட்டுப் போன ஹார்லெம் அங்கே இல்லை. ஆட்டக்காரப் பையன்களை எல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துட்டாங்க. ஃப்ராங்கியும் பட்டாளத்துக்குப் போய் நியூகினி, பிலிப்பைன்ஸ்னு சுத்தினார். ஒயிட்டி குழு கலைஞ்சு போச்சு. 1943 ஏப்ரல்ல அதிகாரிங்க ஒழுக்கக்கேடுன்னு காரணம் சொல்லி சவாயைப் பூட்டினாங்க. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடறதுதான் உண்மையான உறுத்தல்னு ஹார்லெம் ஜனங்க சொன்னாங்க. அக்டோபர்லதான் மறுபடி திறந்தாங்க.

1944ல வந்துச்சு பாருங்க வரி. சாப்பாடும் குடியும் விக்கிற இடத்துல பாட்டோ ஆட்டமோ இருந்தா பில்லுல 30 சதவீதம்! கொஞ்ச நாள்ல 20 ஆக்கினாங்க. ஆனா பாட்டில்லாம வெறும் வாத்தியம் வாசிச்சா, யாரும் எழுந்து ஆடாம இருந்தா வரி இல்லை. கடைக்காரன் என்ன பண்ணுவான்? ஆடற இடத்துல மேஜை நாற்காலியைப் போட்டுட்டான். ஜாஸ் இசை உட்கார்ந்து கேட்கிற இசையா மாறினதுக்கு இந்த வரியும் ஒரு காரணம்னு சொல்றாங்க. வேற காரணமும் இருக்கு, இசையோட ருசியே மாறிடுச்சு, பிறகு ராக் அண்ட் ரோல் வந்துடுச்சு. 1958ல சவாயை மூடி, குடியிருப்பு கட்டறதுக்காக இடிச்சே போட்டாங்க.

போர் முடிஞ்சு வந்த ஃப்ராங்கி 1947ல ஒரு சின்னக் குழு நடத்திப் பார்த்தார். எட்டு வருஷம் ஓடிச்சு. வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. குடும்பம் ஆச்சு. 1955ல தபால் துறையில வேலைக்குச் சேர்ந்தார். 1987 வரைக்கும், முப்பத்திரண்டு வருஷம், கடிதம் பிரிச்சு அடுக்கின கைதான் அந்த 1935 கை. கூட வேலை பார்த்தவங்கள்ல பல பேருக்கு இவர் யாருன்னே தெரியாது.

1986ல கலிஃபோர்னியாவில எரின் ஸ்டீவன்ஸ், ஸ்டீவன் மிட்செல்னு ரெண்டு இளைஞர்கள் பழைய படத்துல பார்த்த ஆட்டக்காரர்களைத் தேடிக் கிளம்பினாங்க. போன் டைரக்டரியில பேரைப் பார்த்துக் கூப்பிட்டு, "நீங்க ஆட்டக்காரர் ஃப்ராங்கி மேனிங்கா?"ன்னு கேட்டப்ப, இல்லை, நான் தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஃப்ராங்கி மேனிங்னு அவர் பதில் சொன்னதாச் சொல்வாங்க. எழுபத்திரண்டு வயசு. அவங்க விடலை. ஆட்டத்தைச் சொல்லிக் குடுன்னு நின்னாங்க.

அப்புறம் நடந்தது சினிமாக்கதை மாதிரி. 1989ல 'பிளாக் அண்ட் ப்ளூ' நாடகத்துக்கு நடனம் அமைச்சதுக்கு டோனி விருது. அந்த வருஷத்துல இருந்து ஸ்வீடன்ல ஹெராங்குங்கிற சின்ன கிராமத்து நடன முகாம்ல பாடம். அப்புறம் உலகம் பூரா. 2000ல அமெரிக்க அரசோட தேசிய மரபுக் கலைஞர் கௌரவம். நார்மாவுக்கும் அதே கௌரவம் 2003ல கிடைச்சுது. 2009 ஏப்ரல் 27, தொண்ணூற்று ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு மாசம் முன்னாடி ஃப்ராங்கி போயிட்டார். மே மாசம் நியூயார்க்ல அவர் பிறந்தநாள் விழாவுக்கு ஏற்பாடு எல்லாம் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஜனங்க வந்து அழுதுக்கிட்டே ஆடிட்டுப் போனாங்க. நார்மா 99 வயசு வரைக்கும் இருந்து, 2019 மே 5ல, ஃப்ளோரிடாவுல கடல் பக்கத்து ஊரான ஃபோர்ட் மயர்ஸ்ல கண்ணை மூடினார்.

கொசுவத்தி

இனி எங்க ஊரு. தெரியாதவங்களுக்கு: போடிநாயக்கனூர்ல இருந்து பதினேழு கொண்டை ஊசி ஏறி போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறை, அப்புறம் சாந்தன்பாறை. 1956ல மாநிலம் பிரிச்சப்ப கேரளாவுக்குப் போன பக்கம். எங்க வீட்டுல பேச்சு தமிழ், பஸ் போர்டு மலையாளம், ஏலக்காய் விக்கிறது போடியில. இன்னைக்கும் காலை இருட்டுல தேனிப் பக்கத்துல இருந்து ஜீப் ஜீப்பா ஜனங்க காய் எடுக்க மலை ஏறி வந்து, சாயங்காலம் இறங்கிப் போறாங்க.

ஏலக்காய் செடி உச்சியில காய்க்காது. தூர்ல, மண்ணோட மண்ணா சரம் விடும். நாள் பூரா குத்த வச்சு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்கணும். எங்கம்மா இருபது வருஷம் அப்படி எடுத்தாங்க. எங்க பெரியப்பாவுக்கு ஸ்டோர்ல வேலை, அதாவது காய் உலர்த்தற கட்டடம். ராத்திரி பூரா விறகு தள்ளி சூட்டைப் பார்த்துக்கணும். சூடு ஏறினா காய் வெடிக்கும், இறங்கினா நிறம் போகும்.

அவர் ஒயிலாட்ட வாத்தியார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் களத்துல பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையா நிறுத்தி, கையில கைக்குட்டை, கால்ல சலங்கை, அடி சொல்லிக் குடுப்பார். மாரியம்மன் திருவிழாவுல அவர் முன்னடி எடுத்து வச்சா எஸ்டேட்டே நின்னு பார்க்கும். மறுநாள் காலையில பார்த்தா அதே ஆளு கண்ணு சிவக்க ஸ்டோர் வாசல்ல சாம்பல் அள்ளிக்கிட்டு இருப்பார்.

நாங்க ஒரே ஒரு தடவைதான் குடும்பமா கடலுக்குப் போனோம். ஒரு தை மாசம், எடுப்பு முடிஞ்ச நேரம், திருச்செந்தூர். குளிருக்குச் சுத்தின மப்ளரோட போய் இறங்கினோம். அம்மா அலை வர்ற இடத்துல காய் எடுக்கிற மாதிரியே குத்த வச்சு உட்கார்ந்துட்டாங்க, எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பா ஈர மணல்ல நின்னு, அலை வர வர ரெண்டு அடி முன்னே, ரெண்டு அடி பின்னேன்னு ஒயில் அடி வச்சுப் பார்த்தார். "டேய் தம்பி, இதுக்குத் தாளமே வேணாம்டா, கடலே போடுது"ன்னார். எங்க குடும்பத்தோட மொத்த கடற்கரைச் சுற்றுலாவும் அந்த ஒரு நாள்தான்.

நான் காலேஜ் போனப்புறம் ஒரு திருவிழாவுக்கு நண்பர்களைக் கூட்டிட்டு வந்தேன். பெரியப்பா ஆட்டத்துக்கு நடுவுல என்னைப் பார்த்து, "வாடா, வந்து நில்லு"ன்னு கைக்குட்டையை நீட்டினார். பேன்ட் போட்டிருந்தேன், பக்கத்துல நண்பர்கள். பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை, அப்படியே அடியை எடுத்து வரிசையோட போயிட்டார். அதுக்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை. வரிசையில ஆள் குறைஞ்சு குறைஞ்சு, சில வருஷத்துல ஆட்டமும் நின்னு போச்சு. நான் பேங்க் பரீட்சை எழுதி, அப்படியே கடல் தாண்டி வந்துட்டேன். பெரியப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் ஆடி ஒரு போட்டோ கூட என்கிட்ட இல்லை.

ஃப்ராங்கிக்கு எழுபத்திரண்டு வயசுல ஒரு போன் வந்துச்சு. யாரோ முகம் தெரியாத பசங்க, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால இருந்து கூப்பிட்டாங்க. எங்க பெரியப்பாவுக்கு அந்த போனைப் போட்டிருக்க வேண்டிய ஆளு நான்தான். வாராவாரம் போன் பண்ணினேன். உடம்பு எப்படி, மாத்திரை போட்டீங்களா, காய் என்ன விலைன்னு கேட்டேன். அடி எப்படி பெரியப்பான்னு ஒரு தடவை கூடக் கேட்கலை.

போன வாரம் ஊர்ல அண்ணனைக் கூப்பிட்டு விசாரிச்சேன். அந்த வரிசையில ரெண்டாவதா நின்னவர் இன்னும் இருக்காராம். மகன் வீட்டுல, போடியில. முழங்கால் போயிடுச்சு, ஆனா உட்கார்ந்துக்கிட்டே கையால அடி சொல்வாராம். வர்ற டிசம்பர்ல லீவு எழுதிக் குடுத்துட்டேன். பசங்க கியூபா போகலாம்னாங்க. போடிக்குப் போயிட்டு அப்படியே திருச்செந்தூர் போகலாம், அங்கேயும் கடல் இருக்குன்னு சொல்லியிருக்கேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க, பார்க்கலாம்.

உங்க வீட்டுலயும் ஒரு தபால் ஆபீஸ்காரர், ஒரு மில்லு வேலைக்காரர், ஒரு சமையல்காரம்மா இருப்பாங்க, முன்னாடி ஆடினவங்க, பாடினவங்க, கூத்து கட்டினவங்க. இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது மாத்திரையைப் பத்திக் கேட்டுட்டு, இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.

அடுத்த பதிவுல பார்ப்போம். இப்ப வாசல்ல பனி அள்ளப் போகணும்.